பார்ட்லி ஹெனிகனுக்குப் படிக்கத் தெரியாது

பாலிகெரின் தொகுதியை இப்போது எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். எல்லைகளைத் திருத்தியபோது டப்ளினில் யாரோ அதைப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துக் கரைத்துவிட்டார்கள். முப்பத்தேழு வருஷம் லண்டன் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய தொகுதி. பத்துத் தடவை தேர்தல் அறிவிப்பு வந்தது. அதில் ஆறு தடவை எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஒருவரே போய் உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே பெட்டி வைத்து ஓட்டு வாங்கியது நாலே தடவைதான். அந்த நாலில் இரண்டு, அதே இரண்டு வேட்பாளர்களுக்கு நடுவே ஏழு மாத இடைவெளியில் நடந்தவை. முதலாவதை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியதால் இரண்டாவது வந்தது.

ஏன் தள்ளினார்கள் என்பதை விசாரணை அறிக்கையாக அச்சடித்திருக்கிறார்கள். கால்வேயில் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. நீல அட்டை, முந்நூற்றுச் சொச்சம் பக்கம். எங்கள் கோவில் பங்கிலிருந்து பி.ஏ. வரை போன முதல் ஆள் நான். ஆகவே அந்தப் புத்தகத்தைப் பிரித்த எங்கள் ஊர்க்காரனும் நானாகத்தான் இருக்க வேண்டும். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் எங்கள் ஊர் மனிதர் ஒருவர் சாட்சி சொல்கிறார். பார்ட்லி ஹெனிகன், விவசாயி. அவர் பதில்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று போட்டிருக்கிறது.

அந்தச் சிரிப்புக்கு முன்னும் பின்னும் நடந்ததைத்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் என் அப்பா சொன்னது. அப்பா ஃபெஸ்டி கீன், ஊர்க் கொல்லர், பார்ட்லியின் சிநேகிதர். கடைசிப் பகுதியை நானே பார்த்தேன்.

பார்ட்லிக்கு ஒன்பது ஏக்கர் குத்தகை நிலம். அதில் பாதி சதுப்பு. ஒரு பசு, இரண்டு பன்றி. மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே மகள் டெலியா. இப்படி ஊரில் இருபது பேரைக் காட்டலாம். ஆனால் அவர் வயதுக்காரர்களில் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்து அடுப்புக்குத் தினம் சதுப்பில் வெட்டிக் காயவைத்த ஒரு எரிகட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று குளிர்காலம் போயிருக்கிறார். மீதியைத் தேயிலைப் பொட்டலத்திலும் விதை மூட்டையிலும் கல்லறைக் கற்களிலும் தானாகப் பொறுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் நேராக எங்கள் பட்டறைக்கு வருவார்கள். அன்று உலை மூட்டுவதில்லை. பார்ட்லி பட்டடைக்கல்லின் மேல் உட்கார்ந்து வாரப் பத்திரிகையை விரிப்பார். பாராளுமன்றப் பேச்சு முழுவதையும் ஒரு சொல் விடாமல் படிப்பார். நடுவே 'கரகோஷம்' என்றும் 'சிரிப்பு' என்றும் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் அதே கம்பீரத்தோடு வாசிப்பார். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு “சிரிப்பு” என்று சொல்லும் விதத்துக்கே பட்டறை குலுங்கும். அமெரிக்காவிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் வரும். கெட்ட சேதி இருந்தால் முதலில் தனக்குள் படித்துவிட்டு, ஒரு வாய் மோர் கேட்டுக் குடித்துவிட்டு, பிறகுதான் வாய்விட்டுப் படிப்பார். பார்ட்லி மோர் கேட்டாலே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள் என்று அப்பா சொல்வார்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஜூலையில் தேர்தல் வந்தது. இன்னொருவர் மனைவியோடு எங்கள் சுயாட்சிக் கட்சித் தலைவருக்கு இருந்த உறவு நீதிமன்றம் வரை போய், கட்சி இரண்டாக உடைந்திருந்த நேரம். ஆயர்களும் சாமியார்களும் ஒரு பக்கம். தலைவரை விடமாட்டோம் என்றவர்கள் மறுபக்கம். போன அக்டோபரில் தலைவர் செத்துப் போயிருந்தார். சண்டை மட்டும் சாகவில்லை. சாமியார்கள் பக்கம் டெவேன் என்ற டாக்டர் நின்றார். தலைவர் பக்கம் கில்ராய் என்ற வக்கீல்.

எங்கள் பங்கு சாமியார் டைனன். பிரசங்க மேடையிலிருந்து சொன்னார்: “கில்ராய்க்கு ஓட்டுப் போடறவன் சாவுப் படுக்கையில என்னைக் கூப்பிட வேண்டாம். அந்த வக்கீலையே கூப்பிட்டு எண்ணெய் பூசச் சொல்லு.”

பார்ட்லி தலைவர் பக்கம். அது பட்டறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டறையில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதில்தான் சிக்கல் இருந்தது. ஓட்டு ரகசியம் என்று சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது; ஆனால் படிக்கத் தெரியாதவனுக்கு ரகசியம் கிடையாது. அவன் அதிகாரி மேசை முன்னால் நின்று வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதிகாரி அவனுக்காகக் குறி போடுவார். இரண்டு பக்கத்து முகவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள். டாக்டர் பக்கத்து முகவராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கப் போவது டைனன் சாமியார்தான்.

அதனால் பார்ட்லி பட்டறைக் கதவின் உள்பக்கம் சுண்ணக்கட்டியால் இரண்டு கட்டம் போட்டார்.

“பேரைப் படிக்க வேணாம். மேல ஒருத்தர், கீழ ஒருத்தர். மேல டாக்டர், கீழ வக்கீல். உனக்கு வேணுங்கறவர் கட்டத்துல ஒரு பெருக்கல் குறி. முடிஞ்சுது.”

“குறி தப்பி மேல விழுந்துட்டா?” என்று கேட்டார் அப்பா.

“குதிரைக் குளம்புல ஒரு ஆணி தப்பாம அடிக்கறவன் நீ. காகிதத்துக்கா பயப்படறே? அது உதைக்காது.”

பதினோரு பேர் அந்தக் கதவில் பழகினார்கள். கீழ், கீழ், கீழ்.

ஆனால் இதே ஓட்டையை மறுபக்கத்துக்காரர்களும் கண்டுபிடித்திருந்தார்கள். தட்டி மறைவில் போய்க் குறி போடுகிறவன் யாருக்குப் போட்டான் என்று எப்படித் தெரியும்? ஆகவே சந்தேகப்பட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் சேதி போனது: படிக்கத் தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லு. மேசை முன்னால் நின்று டாக்டர் பெயரைச் சத்தமாகச் சொல்லு.

பார்ட்லியிடம் சாமியாரே வந்தார். பார்ட்லி குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வண்டியை விட்டு இறங்காமலே சாமியார் பேசினார்.

“புல்லு நல்லா காஞ்சிருக்கு பார்ட்லி.”

“எல்லாம் சாமி ஆசீர்வாதம்.”

“என் ஆசீர்வாதம் எல்லா வயலுக்கும்தான் போகுது. உன்னோடது மட்டும்தான் காயுது.” சாமியார் சிரித்துக்கொண்டார். “டெலியாவோட தாளு என் மேசையில கெடக்கு. உதவி ஆசிரியை வேலைக்கு. நான் கையெழுத்துப் போடணும். நல்ல பொண்ணு.”

“நல்லாப் படிச்சவ சாமி.”

“அப்பன் மாதிரி. அதான் எனக்குச் சங்கடமே. நீ பென்சிலைத் தூக்கிட்டு அந்தத் தட்டிக்குப் பின்னால போனா, உள்ள என்ன பண்ணினேன்னு உனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கடவுள் எங்கிட்ட சொல்ல மாட்டார்.”

பார்ட்லி நீண்ட பிடி அரிவாளைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். “நான் சொல்றேன் சாமி. டாக்டருக்கே போடறேன். வாக்கு.”

“சந்தோஷம். அதை அங்க வந்து, மேசை முன்னாடி நின்னு சொல்லு. படிக்கத் தெரியாதுன்னு சொல்லிட்டு.”

“சாமி, ஓட்டைக் கேளுங்க, குடுத்துடறேன். இது வேணாம். ஊருக்கே தெரியுமே நான் படிக்கறவன்னு.”

“அதிகாரி டவுன்காரர். அவருக்குத் தெரியாது.” சாமியார் கடிவாளத்தைச் சொடுக்கினார். “பொண்ணைக் கேட்டதாச் சொல்லு.”

டைனன் சாமியாரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால், பார்ட்லியைக் குடும்பத்தோடு வெளியேற்ற ஜமீன் ஏஜென்ட் போலீசோடு வந்தபோது, வாசற்படியில் உட்கார்ந்து “என்னைத் தூக்கி வெளியே போட்டுட்டு உள்ள போங்கடா” என்றவரும் அவரேதான். பார்ட்லிக்கு இன்னும் கூரை இருந்தது அவரால். அதை இரண்டு பேருமே மறக்கவில்லை.

ஓட்டுப் போடும் நாள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கி மேசை போட்டிருந்தார்கள். ஆள் மாறாட்டம் நடக்காமல் பார்க்க ஒரு பக்கம் டைனன் சாமியார், மறுபக்கம் கில்ராய் தரப்பில் என் அப்பா. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த வட்டாரத்து முகம் ஒன்று விடாமல் தெரியும். காலையிலேயே அவர் தட்டி மறைவுக்குப் போய்க் கீழ்க்கட்டத்தில் குறி போட்டுவிட்டு, படித்தவன் மாதிரி வந்து உட்கார்ந்திருந்தார்.

பார்ட்லி பத்து மணிக்கு வந்தார். அதிகாரி சீட்டை நீட்டினார். பார்ட்லி வாங்கவில்லை.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

வரிசையில் பின்னால் யாரோ உரக்கக் கேட்டான்: “அப்போ எங்க சித்தி கடுதாசியெல்லாம் இத்தனை நாளா யாரு படிச்சது, உங்க வீட்டுப் பசுவா?”

“அமைதி!” என்றார் அதிகாரி. வழக்கமான உறுதிமொழித் தாளை எடுத்து, தனக்குப் படிக்கத் தெரியாது என்று பார்ட்லி உறுதி சொல்வதாக வாசித்துக் காட்டி, “இங்க உம்ம குறி” என்று விரல் வைத்தார்.

அப்பா ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பேனா முதலில் நேராகக் கீழே இறங்கியதாம், பெயரின் முதல் எழுத்துக்குத் தண்டு போடுகிற மாதிரி. பாதியில் நின்றது. பிறகு சாய்ந்து, குறுக்கே இன்னொரு கோடு இழுத்து, பெருக்கல் ஆகிவிட்டது.

“யாருக்கு?”

“டெவேன்.”

அவர் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. அன்று அந்த அறையில் படிக்கத் தெரியாத என் அப்பா ரகசியமாக ஓட்டுப் போட்டார். அவருக்குக் குறி போடச் சொல்லிக் கொடுத்தவர் கைநாட்டுக்காரராக வெளியே போனார்.

டாக்டர் அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தார். கில்ராய் வழக்குப் போட்டார். நாற்பது வருஷமாகப் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில், நூற்று நாற்பது பேரில் எண்பத்து மூன்று பேருக்கு எழுத்துத் தெரியாதா என்பதுதான் அவர் கேள்வி. சாட்சி தேடி அவர் குமாஸ்தா பட்டறைக்கு வந்தான். அப்பா செய்த பெரிய தப்பு அன்றைக்குத்தான் நடந்தது.

“எங்க ஊர்ல ஒருத்தர் இருக்காரு,” என்றார். “அவர் வாயைத் திறந்தாப் போதும், உங்க கேஸ் முடிஞ்சுது. பேரு எழுதிக்கங்க.”

பார்ட்லி மனம் புழுங்கிக்கொண்டிருக்கிறார், நீதிபதி முன்னால் உண்மையைக் கொட்டிவிட்டால் அவருக்கே ஆறுதல் என்று அப்பா நம்பினார். உண்மை சொன்னால் தண்டனை கிடையாது, வழக்கு வராது என்று நீதிபதிகள் சான்றிதழே தருவார்கள் என்று குமாஸ்தாவும் சொல்லியிருந்தான். அப்பாவின் கணக்கில் வராதது ஒன்றுதான். செப்டம்பரில் சாமியார் கையெழுத்துப் போட்டு, டெலியா உதவி ஆசிரியை ஆகியிருந்தாள். பள்ளிக்கூட நிர்வாகி சாமியார். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து எந்த ஆசிரியையையும் அவர் அனுப்பிவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பரில் மாவட்டத் தலைநகரில் விசாரணை. இரண்டு நீதிபதிகள். முதல் வரிசையில் டைனன் சாமியார், மடியில் தொப்பி. பார்ட்லி வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கில்ராயின் வக்கீல் எழுந்தார்.

“ஹெனிகன், உமக்குப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“கொல்லர் பட்டறையில பதினோரு வருஷமா பேப்பர் படிச்சது யாரு?”

“நான்தாங்க.”

“படிக்கத் தெரியாமலா?”

“மக காலையில வீட்டுல படிச்சுக் காட்டுவா. நான் மனசுல வெச்சுக்கிட்டு வந்து அங்க சொல்லுவேன்.”

“பாராளுமன்றப் பேச்சு பூராவும்?”

“ஞாபகசக்தி உண்டுங்க.”

இங்கேதான் புத்தகத்தில் முதல் 'சிரிப்பு'.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி உம்ம மகளுக்கு வயசு என்ன?”

“எட்டுங்க.”

'பலத்த சிரிப்பு.'

வக்கீல் ஒரு பத்திரிகையை எடுத்தார். வேண்டுமென்றே தலைகீழாகத் திருப்பி நீட்டினார். “இதைப் பாரும்.”

பார்ட்லி இரண்டு கையாலும் வாங்கினார். அப்பா சாட்சிகள் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலது கைக் கட்டைவிரல் தாளின் ஓரத்தில் நகர்ந்ததாம், திருப்பப் போகிற மாதிரி. அதோடு நின்றது. ஆனால் எழுத்துத் தெரிந்த கண்ணை அப்படி நிறுத்த முடியவில்லை. அது தலைகீழாகவே வரியில் ஓட ஆரம்பித்தது. அதை அவரே உணர்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, தலைகீழான பத்திரிகையோடு, கோர்ட் முழுவதும் பார்க்க நின்றார்.

“என்ன தெரியுது ஹெனிகன்?”

“கறுப்பா இருக்குங்க.”

“எது?”

“காகிதத்துல இருக்கறது.”

'சிரிப்பு.' புத்தகத்தில் நீதிபதி கேட்ட கேள்வியும் இருக்கிறது: சத்தியம் செய்திருப்பது நினைவிருக்கிறதா? இருக்கிறது என்கிறார். அத்தோடு சாட்சியை இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவும் பார்ட்லியும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். பதினெட்டு மைல், மழை. திரும்பும்போது பாதி வழி தாண்டியிருந்தது.

“என் பேரைக் குடுத்தது நீதானே?” என்றார் பார்ட்லி.

“உண்மையைச் சொல்லுவேன்னு நெனச்சேன்டா.”

“உனக்குப் பொண்ணு இல்ல ஃபெஸ்டி.”

மறு ஞாயிறு பார்ட்லி வழக்கம்போலப் பட்டறைக்கு வந்தார். பத்திரிகையை அப்பா நீட்டினார். பார்ட்லி பட்டடைக்கல்லில் உட்காரவில்லை, கதவோரம் நின்றார். “யாராச்சும் சின்னப் பையங்க படிங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன், “சிரிப்பு!” என்று பார்ட்லி குரலிலேயே சொல்லிக் காட்டினான். பார்ட்லி சிரிக்கவில்லை.

“படிக்கத் தெரியாதுன்னு கடவுள் பேரால, புஸ்தகத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னிக்கு ஒரு வரி படிச்சாலும் அது பொய்ச்சத்தியம். படிக்காமலே இருந்தேன்னா, என்னிக்காவது ஒரு நாள் அது நெஜமாயிடும்.”

அதைத்தான் செய்தார். மற்றச் சாட்சிகளின் பேச்சை வைத்து நீதிபதிகள் தேர்தலைத் தள்ளினார்கள். பிப்ரவரியில் மறுபடி நடந்தது. டாக்டர் முன்னைவிட அதிக ஓட்டில் ஜெயித்தார். பார்ட்லி யாரும் சொல்லாமலே மேசை முன்னால் போய் நின்று பெருக்கல் போட்டார்.

படிக்காமல் இருப்பது சும்மா இருப்பது அல்ல. எழுத்து தெரிந்தவன் பார்வையில் எழுத்து பட்டால் கண் படித்தே தீரும். அவர் கடைத்தெருவில் பலகைகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார். தேயிலைப் பொட்டலத்தைக் கவிழ்த்து வைத்தார். மனைவி கல்லறையில் முழங்கால் போட்டால் கல்லைப் பார்க்க மாட்டார், புல்லைப் பார்ப்பார். கடிதத்தோடு வந்த பெண்களிடம், “எனக்குத் தெரியாதும்மா, வேற யாருகிட்டயாச்சும் போங்க” என்றார். கொஞ்ச நாள் அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். பிறகு வருவதை விட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? “டீச்சர், உங்கப்பாவையும் ஒண்ணாங் கிளாசுல சேத்துக்கங்க டீச்சர்.” டெலியா ஒரு நாள் சாயங்காலம் கணப்பருகே பாடப்புத்தகத்தை விரித்து அவர் முழங்காலில் வைத்தாளாம்.

“யாரும் பாக்கல அப்பா. ஒரே ஒரு வரி. எனக்காக.”

அவர் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“நீ படிக்கறதையே குடுத்துத்தான் எனக்கு அந்த வேலை கெடைக்கணுமா? எனக்கு வேணாம்,” என்றாள் டெலியா. இதை என் அப்பாவிடம் அவளே சொல்லியிருக்கிறாள், கப்பலேறுவதற்கு முன் அவர் பட்டறையில் நின்று. தொண்ணூற்று நாலாம் வருஷம் வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊருக்குப் போனாள். வேலை குசாக் டீச்சருக்குப் போனது. குசாக் டீச்சர் டைனன் சாமியாருக்கு அக்காள் மகள்.

டெலியா கடிதம் எழுதினாள். பார்ட்லி உறையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார். குசாக் டீச்சர் படித்துச் சொல்வாள். யார் படிப்பார்கள் என்று தெரிந்தே டெலியா எழுதியிருக்க வேண்டும். பனி அதிகம், கம்பளி ஆலையில் வேலை, பக்கத்தில் கோவில் இருக்கிறது, இவ்வளவுதான் வரும். மூன்றாம் வருஷம் கனமான ஒரு உறை வந்தது. அதைக் கையில் வாங்கிய டீச்சர் பிரிக்கவில்லை.

“மேல 'அப்பா மட்டும்'னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்துல பதில் வேணும்னும் எழுதியிருக்கு. நான் எப்படிப் பிரிக்கறது?”

பார்ட்லி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அலமாரியில் நீலத் தட்டுக்குப் பின்னால் செருகினார். பிரிக்கவில்லை. அடுத்த கடிதம் டீச்சர் பெயருக்கே வந்தது. அதில் இருந்தது ஒரே வரி: அப்பா முந்தின கடிதத்தைப் படித்தாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். பார்ட்லி சொல்லச் சொல்ல டீச்சர் பதில் எழுதினாள்: எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

அதற்குப் பிறகு டெலியா எழுதவில்லை. ஆறு வருஷம் கழித்து யாரோ அனுப்பிய கறுப்புக் கரை போட்ட நினைவு அட்டை வந்தது. அதைப் பார்ட்லி யாரிடமும் எடுத்துப் போகவில்லை. அந்தக் கரையைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

டைனன் சாமியார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம் இறந்தார். அடக்கம் முடிந்து திரும்பும்போது அப்பா பார்ட்லியின் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“இனி யாருக்குடா பயம்? உன் பொண்ணும் இல்ல, அவரும் இல்ல. போய் அந்த உறையைக் கிழி.”

“நான் சாமியார்கிட்டயா சத்தியம் பண்ணினேன்?” என்றார் பார்ட்லி. “சத்தியம் வாங்கினவர் இன்னும் இருக்காரே.”

நாலைந்து வருஷத்தில் இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்துவிட்டது. பார்வை பால் கலந்த மாதிரி ஆனது. ஒரு ஞாயிறு பட்டறையில் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. சரியாகத்தான் பிடித்திருந்தார்.

“ஒண்ணும் தெரியல ஃபெஸ்டி,” என்றார். “ஒரு எழுத்துகூடத் தெரியல.” பாரம் இறக்கி வைத்தவன் மாதிரி சொன்னார் என்று அப்பா சொல்வார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு டிசம்பரில் பாலிகெரின் தொகுதி தன் கடைசித் தேர்தலைப் பார்த்தது. அதே பள்ளிக்கூடம். நான் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தேன். எழுத்தராக என்னை எடுத்துக்கொண்டார்கள். பழைய கட்சிக்கும் குடியரசுக்காரர்களுக்கும் போட்டி. முப்பது வயது தாண்டிய பெண்களும் முதல் தடவையாக வரிசையில் நின்றார்கள். மேசையில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அன்று கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது அந்தத் தொகுதியும் இல்லை, அந்த மனிதரும் இல்லை. அதனால் சொல்கிறேன்.

பார்ட்லியை அப்பா கைபிடித்துக் கொண்டுவந்து வாசலில் விட்டார். தடவித் தடவி மேசைக்கு வந்தார். அதிகாரி இளவயது, பொறுமையானவர்.

“பெரியவரே, படிக்கத் தெரியலையா, கண்ணு தெரியலையா? ரெண்டுக்கும் வேற வேற இடத்துல எழுதணும்.”

பார்ட்லி நிமிர்ந்தார். “கண்ணு. கண்ணுன்னு போடுங்க. இந்தத் தடவை பொய் இல்ல.”

நான் எழுதினேன்.

“யாருக்கு ஓட்டு?”

“கில்ராய்.”

இரண்டு கட்சி முகவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி குனிந்து, “அப்படி யாரும் நிக்கலையே, பெரியவரே” என்றார்.

“கில்ராய் வக்கீல். கீழ இருக்கறவர்.”

கில்ராய் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதிகாரி இருக்கிற இரண்டு பெயர்களையும் நிதானமாக வாசித்துக் காட்டினார். மறுபடியும் வாசித்தார். பார்ட்லி கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் தம்பி. இருபத்தாறு வருஷம் லேட்டு.”

குறி போடாத சீட்டு பெட்டிக்குள் போனது. எண்ணிக்கையில் எங்கள் தொகுதியில் செல்லாத ஓட்டு முப்பத்தொன்று. அதில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் விஷக்காய்ச்சல் ஊரைச் சுற்றியபோது பார்ட்லி மூன்று நாளில் போய்விட்டார். படுக்கையில் விழுந்த அன்றே அப்பாவை வரச் சொல்லி, நீலத் தட்டுக்குப் பின்னால் இருந்த உறையை எடுக்கச் சொன்னார்.

“உங்கிட்ட இருக்கட்டும். உனக்குத்தான் படிக்கத் தெரியாது. என்கூட அனுப்பிடு.”

பெட்டியில் கிடத்தியிருந்த அன்று நான் அப்பா பக்கத்தில் நின்றேன். அப்பா கோட்டுப் பையிலிருந்து உறையை எடுத்தார். இருபத்திரண்டு வருஷம் பழுத்து, ஓரம் கருத்து, ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. என் கை தானாக நீண்டது. டெலியா என்ன எழுதினாள் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

“குடுங்கப்பா. நான் படிச்சுச் சொல்றேன்.”

அப்பா என் கையைப் பார்த்தார். “நீ படிச்சவன்டா. அதனாலதான் உங்கிட்டக் குடுக்க முடியாது.”

உறையைக் கவிழ்த்துப் பிடித்து, மேலெழுத்து என் பக்கம் தெரியாதபடி, பார்ட்லியின் கோட்டுக்குள் செருகினார். மூடியை வைத்து ஆணி அடித்ததும் அவர்தான். குளம்பில் அடிக்கிற மாதிரியே அடித்தார். ஒன்றும் தப்பவில்லை.